கடவுச்சொல் சரிதான்

எங்கட ஊர் வாசிகசாலையின் பின் அறையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. சமாதான காலத்தில் கனடாவில் இருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. றவுட்டரோடு ஒரு வயர், பின்னால் ஒரு வன்தட்டு, அவ்வளவுதான். வலையமைப்பில் இருக்கிற எந்தக் கணினியும் அதற்குள் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். அதற்குள் இருப்பவை: அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுகளின் ஸ்கான்கள், பள்ளிக்கூட மலர்கள், இரண்டு மூன்று இதழோடு நின்றுபோன சிறுசஞ்சிகைகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள். ஸ்கான் பண்ணிய காகிதங்களில் பாதி இப்போது எங்கேயும் இல்லை. வன்தட்டை நடுவில் ஒருக்கா மாற்றியிருக்கிறார்கள். பெட்டியை மாற்றவில்லை.

போன வருசம் வாசிகசாலைக்குப் புது மடிக்கணினி ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதில் முதலில் பெட்டியையே காணவில்லை. கூட வந்த அண்ணா ஒருவர் போனில் தேடிப் பார்த்து ஏதோ ஒன்றை 'ஒன்' பண்ணினார். பெட்டி தெரிந்தது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து அடித்தோம். கடவுச்சொல் பிழையாம். பிழை எண் 86. மூன்று பேர் மாறி மாறி அடித்தோம். 'கப்ஸ் லொக்' பார்த்தோம். ஒருத்தன் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசிக்க மற்றவன் அடித்தான்.

"ஆரோ பாஸ்வேர்டை மாத்திப்போட்டாங்கள்" என்றார் அண்ணா.

பிறகு அலுமாரிக்குள் இருந்த பழைய எக்ஸ்.பி. மடிக்கணினியை எடுத்தோம். அது எழும்பவே பத்து நிமிசம். அதே பெயர், அதே கடவுச்சொல். ஒரே அடியில் திறந்தது.

"அப்ப பாஸ்வேர்ட் சரிதானே?"

"சரிதான்."

"பிறகேன் பிழையெண்டுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. பதில் 1983 இல் தொடங்குகிறது.

*

அந்தக் காலத்து டொஸ் இயங்குதளத்துக்குத் தெரிந்த உலகம் மேசையில் இருக்கிற கணினி மட்டும்தான். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த பரி பைகன்பாம் என்ற பொறியியலாளர், அந்த இயங்குதளம் தன் வட்டிடம் கேட்கிற "இந்தக் கோப்பைத் திற", "இவ்வளவு எழுத்தை வாசி" என்ற கோரிக்கைகளை அப்படியே பொதி கட்டி, வயர் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்ப வழி செய்தார். தன் பெயரின் முதலெழுத்துகளையே முதலில் அதற்குப் பெயராக வைத்தாராம். பிறகு அது எஸ்.எம்.பி. ஆனது. இன்று அலுவலகத்தில் 'ஷெயார் ஃபோல்டர்' என்று சொல்லுகிற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைதான். மைக்ரோசொப்ட் அதை எடுத்து, 3கொம் நிறுவனத்தோடு சேர்ந்து, 1987 இல் லான் மனேஜர் என்ற பொருளாக்கியது.

அடுத்த அறைக் கணினியின் கோப்பைத் தன் கோப்பு மாதிரித் திறப்பதுதான் அப்போதைய அதிசயம். யார் திறக்கிறார் என்பது இரண்டாம் பட்சம். பூட்டு இருந்தது, ஆனால் அது பெரும்பாலும் ஆளுக்கு இல்லை, கோப்புறைக்கு. ஒரு கோப்புறைக்கு ஒரு கடவுச்சொல், தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளே வரலாம். வாசிகசாலைத் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைப்பது மாதிரி. அந்தச் சொல்லும் வயரில் அப்படியே, எழுத்துக்கு எழுத்து போகும். வயரில் காது வைத்தவருக்கு எல்லாம் கேட்கும்.

கோப்புறைக்குப் பூட்டுப் போடுகிற இந்த முறை விண்டோஸ் 95, 98 காலம்வரை வந்தது. அதிலே ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. கடவுச்சொல்லை ஒப்பிடும்போது எத்தனை எழுத்தை ஒப்பிட வேண்டும் என்பதைக் கேட்டு வருகிற கணினியே சொல்லலாம். "ஒரு எழுத்து மட்டும் பார்" என்று சொன்னால், வீட்டுக்காரக் கணினி முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடும். எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்தும் பயனில்லை. 2000 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. இரண்டு வருடம் கழித்து, 2002 இல், ஒபாசேர்வ் என்ற புழு அதே ஓட்டையால் புகுந்து கணினி கணினியாகப் பரவியது. திருத்தம் வெளிவருவதும் எல்லாரும் அதைப் போடுவதும் ஒன்றில்லை. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

*

கடவுச்சொல்லை வயரில் அனுப்பாமலே "எனக்கு அது தெரியும்" என்று நிரூபிக்கலாம். லான் மனேஜரும் அதற்குப் பின் வந்த விண்டோஸ் என்.டி.யும் அதைத்தான் செய்தன. முறை இதுதான்: சேர்வர் தற்செயலாக ஒரு எண்ணைத் தரும். நீங்கள் உங்கள் கடவுச்சொல்லில் இருந்து பிறந்த ஒரு சாவியால் அந்த எண்ணைப் பூட்டித் திருப்பி அனுப்புவீர்கள். சேர்வரும் தன்னிடம் இருக்கிற சாவியால் அதே எண்ணைப் பூட்டிப் பார்க்கும். இரண்டும் ஒத்தால் நீங்கள் நீங்கள்தான். அடுத்த முறை வேறு எண் வரும் என்பதால், பழைய பதிலைக் களவெடுத்தவருக்கு அது உதவாது.

கடவுச்சொல்லில் இருந்து சாவி எப்படிப் பிறக்கிறது? அதற்குப் பெயர் ஹாஷ். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க ஏலாது. அதே அரிசியைப் போட்டால் எப்போதும் அதே மாவுதான் வரும். நல்ல ஆலை என்றால் இவ்வளவும் போதும். லான் மனேஜர் ஆலை நல்ல ஆலை இல்லை.

அது முதலில் எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும். 14 எழுத்துக்குக் குறைவாக இருந்தால் வெறுமையால் நிரப்பும். பிறகு ஏழு ஏழாக இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அரைக்கும். ஏன் ஏழு? அது பயன்படுத்திய டெஸ் என்ற மறைகுறியாக்க முறைக்கு 56 பிட் சாவிதான் தேவை. எட்டு எட்டாகப் பிரித்தால் ஏழு எழுத்து. வசதிக்காகச் செய்த வெட்டு. அதன் விலையைக் கணக்குப் பார்க்கலாம். வெறும் 26 ஆங்கில எழுத்துகளை மட்டும் எடுத்தாலும், ஏழு எழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 800 கோடி. 14 எழுத்தை ஒன்றாக உடைக்க வேண்டுமென்றால் 800 கோடியை 800 கோடியால் பெருக்க வேண்டும். இரண்டு துண்டாகக் கிடைத்தால் 800 கோடியோடு 800 கோடியைக் கூட்டினால் போதும். பெருக்கலைக் கூட்டலாக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஏழு எழுத்தோ அதற்குக் குறைவோ என்றால் இரண்டாவது துண்டு எப்போதும் ஒரே மாவுதான். பார்த்தவுடனேயே "இது குட்டிக் கடவுச்சொல்" என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதைவிடப் பழைய யுனிக்ஸில் 1970களிலேயே மாவுக்குள் ஒரு சிட்டிகை 'உப்பு' போட்டார்கள். உண்மையான கலைச்சொல்லே அதுதான். ஆளுக்கு ஆள் வேறு உப்பு என்பதால், இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்கும். லான் மனேஜர் உப்புப் போடவில்லை. 1993 இல் விண்டோஸ் என்.டி. புது ஆலை ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு, வெட்டும் இல்லை. ஆனால் அதிலும் உப்பு இல்லை. பழைய கணினிகளோடு கதைக்க வேண்டுமே என்று பழைய மாவையும் பக்கத்திலேயே வைத்திருந்தது. புதுக் கதவு போட்டுவிட்டு, பழைய வேலிப்பொட்டை அடைக்காமல் விட்ட கதை.

*

1991 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில், தேசியப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜலுக்கு ஒரு சின்னத் தேவை வந்தது. தன் டொஸ் கணினியில் இருந்து யுனிக்ஸ் சேர்வரில் இருக்கிற கோப்புகளைத் திறக்க வேண்டும். டெக் நிறுவனத்தின் பாத்வேர்க்ஸ் என்ற மென்பொருள் அதைச் செய்யும், ஆனால் அது வயரில் என்ன கதைக்கிறது என்ற விளக்கம் அவர் கையில் இல்லை. அவர் வயரில் போகிற பொதிகளைப் பிடித்துப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் வருகிறது, இந்த இடத்தில் எண்ணை மாற்றினால் பதில் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு சேர்வரை எழுதினார். பிரெஞ்சு தெரியாதவன் ஒரு கஃபேயில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் பரிசாரகர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்தே மொழியைப் பிடிப்பது மாதிரி என்று பிற்பாடு அவரே விளக்கியிருக்கிறார். தான் எழுதியது பாத்வேர்க்ஸோடு மட்டுமில்லை, மைக்ரோசொப்டின் கணினிகளோடும் கதைக்கும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அதற்கு வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு மோதியது. கணினியில் இருந்த அகராதிக் கோப்பில் எஸ், எம், பி மூன்றும் அந்த வரிசையில் வருகிற சொற்களைத் தேடினார். சாம்பா வந்தது. இன்றைக்கு லினக்ஸ் சேர்வர்களிலும், எங்கட கறுப்புப் பெட்டி மாதிரியான பெட்டிகள் பெரும்பாலானவற்றிலும் ஓடுவது அதுதான்.

சாம்பாவுக்குப் பெரிய தலையிடி 1997 இல் வந்தது. அந்த மே மாதம் விண்டோஸ் என்.டி. 4.0 இன் மூன்றாவது சேவைப்பொதி வெளியானது. அதைப் போட்ட கணினிகள், கடவுச்சொல்லை வயரில் அப்படியே அனுப்ப மறுத்தன. பாதுகாப்புக்கு நல்ல முடிவு. ஆனால் அன்றுவரை நிறையச் சாம்பா சேர்வர்கள் வெறும் கடவுச்சொல்லை வாங்கி, அதை யுனிக்ஸின் கணக்கேட்டோடு ஒப்பிட்டுத்தான் ஆட்களை உள்ளே விட்டன. வேறு வழியும் இல்லை. யுனிக்ஸிடம் இருப்பது உப்புப் போட்ட யுனிக்ஸ் மாவு. விண்டோஸ் கேட்பது வேறு ஆலை மாவு. ஒன்றில் இருந்து மற்றதைச் செய்ய ஏலாது, ஏனென்றால் அரிசி யாரிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை செய்த சேர்வர், திங்கள் காலையில் எல்லாருக்கும் "கடவுச்சொல் பிழை" என்று சொன்னது. யாருடைய கடவுச்சொல்லும் பிழை இல்லை.

தீர்வு இரண்டு. ஒன்று, சாம்பாவுக்கென்று இரண்டாவது கணக்கேடு ஒன்று வைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கடவுச்சொல்லை மறுபடி அடிக்கச் சொல்வது. மற்றது, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பெறுமதியை மாற்றி, "பழையபடி வெறும் கடவுச்சொல்லையே அனுப்பு" என்பது. சாம்பாக்காரரே அந்த மாற்றத்துக்கான சின்னக் கோப்புகளைத் தங்கள் மென்பொருளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு தடவை சொடுக்கினால் சரி. 40 கணினிக்குப் பொறுப்பான ஒருவர் திங்கட்கிழமை காலை எதைத் தெரிவுசெய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். சாம்பா தன் இயல்புநிலை அமைப்பையே மறைகுறியாக்கிய முறைக்கு மாற்றியது 2003 இல் வந்த 3.0 பதிப்பில்தான்.

அந்த இரண்டாவது கணக்கேடு இன்றைக்கும் இருக்கிறது. லினக்ஸில் ஒரு ஆளை உருவாக்கி, கடவுச்சொல்லும் வைத்து, அதே பெயரில் பகிர்ந்த கோப்புறைக்குள் போகப் பார்த்தால் "பிழை" என்று வருவதற்கு முதல் காரணம் இதுதான். சாம்பாவின் ஏட்டில் அந்த ஆள் இன்னும் பதியப்படவில்லை. இதைத் தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்கத் தொலைத்தவர்களில் நானும் ஒருத்தன்.

இன்னொரு விசயம். சேர்வர் ஏன் "பெயரோ கடவுச்சொல்லோ பிழை" என்று மொட்டையாகச் சொல்லுகிறது? எது பிழை என்று சொன்னால், எந்தப் பெயர்கள் அங்கே உண்மையில் இருக்கின்றன என்று களவெடுக்க வந்தவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் வெளியே ஒரே பதில். உள்ளே, சேர்வரின் பதிவேட்டில், "அப்படி ஒரு ஆளே இல்லை" என்றும் "ஆள் இருக்கிறார், கடவுச்சொல்தான் பிழை" என்றும் பிரித்து எழுதியிருக்கும். பிரச்சினை வந்தால் திரையை விட்டுவிட்டு அந்தப் பதிவேட்டைப் பாருங்கோ.

*

அதே 1997 இல் இன்னும் மூன்று விசயம் நடந்தது. சாம்பாக் குழுவின் ஜெரமி அலிசன், விண்டோஸ் என்.டி. சேர்வரில் இருக்கிற மாவுகளை அப்படியே வெளியே எடுக்கிற கருவி ஒன்றை எழுதினார். சாம்பாவின் கணக்கேட்டுக்கு ஆட்களை மாற்றிக் கொண்டுவர அது உதவும். அமெரிக்காவில் லொப்ட் என்ற ஹக்கர் குழு, அந்த மாவைக் கொடுத்தால் அரிசியை ஊகித்துச் சொல்லுகிற மென்பொருளை வெளியிட்டது. ஏழு ஏழாக வெட்டியதன் விலை அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்றாவதுதான் எனக்கு இந்த முழு வரலாற்றிலும் அதிகம் உறைத்த இடம். போல் அஷ்டன் என்பவர் சாம்பாவின் மென்பொருளில் சின்ன மாற்றம் செய்து காட்டினார். அதற்குக் கடவுச்சொல்லே தேவையில்லை, மாவைக் கொடுத்தால் போதும், கதவு திறக்கும். யோசித்துப் பார்த்தால் தெளிவுதான். சேர்வர் அனுப்பும் எண்ணைப் பூட்டுகிற சாவி எது? மாவு. கடவுச்சொல் மாவைச் செய்ய மட்டும்தான். களவெடுத்த மாவு கையில் இருந்தால், அரிசி எதுவென்று யாருக்கு என்ன கவலை? நீளமான, சிக்கலான கடவுச்சொல் வையுங்கோ என்று எங்களுக்குச் சொல்லுகிற அறிவுரை எல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. இன்றும் நிறுவன வலையமைப்புகளுக்குள் புகுந்தவர்கள் கணினி விட்டுக் கணினி தாவுவதற்கு இந்தப் பழைய வழியும் பயன்படுகிறது.

2001 இல் இன்னொரு ஹக்கர் குழுவைச் சேர்ந்த, சேர் டிஸ்டிக் என்ற புனைபெயர்க்காரர், மாவையும் களவெடுக்காமல் உள்ளே போகலாம் என்று காட்டினார். இரண்டு கணினிக்கு நடுவில் நின்று, அங்கே இருந்து வரும் கேள்வியை இங்கே கொடுத்து, இங்கே இருந்து வரும் பதிலை அங்கே கொடுக்க வேண்டியதுதான். தூது போகிறவன் மாப்பிள்ளையாகிவிடுவான். அனுப்பியவரிடமே பதிலைத் திருப்பி அடிக்கிற வகைக்கு மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது 2008 நவம்பரில். ஏழரை வருடம். தூதுக்காரனைத் தடுக்க நல்ல வழி, உள்ளே போனபின் ஒவ்வொரு பொதியிலும் கையொப்பம் வைப்பது. கையொப்பம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் வேகம் குறையும், பழைய கருவிகள் வேலை செய்யாது என்று அதைக் கட்டாயமாக்கவில்லை.

*

2000 பெப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தபோது பெரிய நிறுவனங்களுக்கு வேறொரு முறை கிடைத்தது: கேர்பரோஸ். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1980களில் பிறந்தது, கிரேக்கப் புராணத்தின் மூன்று தலை நாயின் பெயர். நடுவில் ஒரு சேர்வர் உங்களுக்குச் சீட்டுத் தரும். சீட்டைக் காட்டி மற்ற இடங்களுக்குள் போகலாம். சீட்டில் நேரம் எழுதியிருக்கும், அதனால் எல்லாக் கணினியின் மணிக்கூடும் ஒத்திருக்க வேண்டும். வழக்கமான அனுமதி ஐந்து நிமிடம். அதைத் தாண்டினால் உங்கள் கடவுச்சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. தாய்ப்பலகையின் சின்ன பட்டரி செத்த கணினி, மின்வெட்டுக்குப் பிறகு எழும்பி, பல வருடம் முந்திய திகதியில் நின்றுகொண்டு "ஏன் என்னை விடுகிறாயில்லை" என்று கேட்கிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

இலங்கைக்காரருக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1996 இல் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளப்பட்டு, அதே வருடம் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2006 ஏப்ரலில் முழு நாடும் அந்தப் பழைய நேரத்துக்குத் திரும்பியது. கேர்பரோஸ் பார்ப்பது உள்ளூர் நேரத்தை இல்லை, உலகப் பொது நேரத்தை. நேரவலயத்தை மாற்றாமல் மணிக்கூட்டை மட்டும் கையால் அரை மணித்தியாலம் திருப்பிய கணினி, சுவர் மணிக்கூட்டோடு ஒத்துத்தான் போகும். ஆனால் கேர்பரோசுக்கு அது 30 நிமிடம் பிழையான கணினி.

கேர்பரோஸ் திறந்த தரம். ஆனால் மைக்ரோசொப்ட் சீட்டுக்குள் தன் சொந்தத் தகவலையும் வைத்தது, அதன் விபரத்தைத் தாராளமாகத் தரவில்லை. மற்றவர்கள் மறுபடியும் கஃபேயில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது. இந்த விசயம் கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு, மற்றவர்களின் சேர்வர்களும் சேர்ந்து இயங்கத் தேவையான விபரங்களைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, ஏறத்தாழ 49 கோடி 70 இலட்சம் யூரோ தண்டமும் விதித்தது. 2007 செப்டெம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த டிசெம்பரில் சாம்பாவுக்காக ஒரு அமைப்பு 10,000 யூரோ ஒரே தடவையாகக் கட்டி, விபரங்களைப் பெற்றது. 2012 டிசெம்பரில் வந்த சாம்பா 4.0, விண்டோஸ் வலையமைப்பு ஒன்றின் தலைமைச் சேர்வராகவே இருக்கக்கூடியது. ஒட்டுக்கேட்டுத் தொடங்கியதில் இருந்து 21 வருடம்.

*

இப்போது எங்கள் பெட்டிக்கு வரலாம்.

என்.டி. 4.0 இன் நான்காவது சேவைப்பொதியோடு, 1998 இல், இரண்டாம் பதிப்புப் பதில்முறை ஒன்று வந்தது. முதற்பதிப்பு மாவை மூன்று துண்டாக்கிப் பூட்டும். மூன்றாம் துண்டில் மிஞ்சுவது இரண்டு பைட்தான், 65,536 சாத்தியம், அதை உடைப்பது கண்மூடித் திறக்கிற வேலை. இரண்டாம் பதிப்பு அதையெல்லாம் விட்டது. ஆனால் அது கட்டாயமில்லை. எக்ஸ்.பி. பழைய பதில்களையும் அனுப்பியது. 2007 இல் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்டாதான் முதற்தடவையாக, தானாகவே, "இரண்டாம் பதிப்பில் மட்டும்தான் பதில் சொல்லுவேன்" என்றது. அன்றைக்கு வீடுகளில் இருந்த சின்னச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் இருந்த பழைய சாம்பாவுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. விளங்காத பதிலைப் பிழையான பதில் என்று எடுத்துக்கொண்டது. அதுதான் பிழை எண் 86. எங்கள் பெட்டி சொன்னது பொய் இல்லை. அதற்குத் தெரிந்த பாசையில், நாங்கள் அடித்தது பிழைதான்.

அப்படியென்றால் பெட்டியை முதலில் காணவே முடியாமல் போனது ஏன், அண்ணா 'ஒன்' பண்ணியது என்ன? அது 1983 இன் எஸ்.எம்.பி. முதற்பதிப்பு. 2017 மே 12 அன்று வனாக்ரை என்ற புழு உலகம் முழுக்க இறங்கியது. பிரித்தானிய வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அது புகுந்தது விண்டோஸின் அந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டையால். திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் போதவில்லை. அந்த ஒக்டோபரில் இருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10 இல் முதற்பதிப்பு இல்லை. 2019 இல் சாம்பாவும் இயல்பாக அதை நிறுத்தியது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் கையொப்பம் கட்டாயமானது. பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் விருந்தாளியாக உள்ளே போகிற பழக்கமும் அதோடு சேர்ந்து முடிந்தது. கையொப்பச் சாவி பிறப்பது கடவுச்சொல்லில் இருந்து. விருந்தாளியிடம் அது இல்லை.

ஆக, எங்கள் புது மடிக்கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு கதவுகள் பூட்டியிருந்தன. ஒன்று 2017 இல் பூட்டியது, ஒன்று 2007 இல் பூட்டியது. அண்ணா முதலாவதைத் திறந்துவிட்டார். இரண்டாவதையும் திறக்கலாம். பதில்முறையின் தரத்தை ஒரு படி இறக்க, இணையத்தில் வழி கிடக்கிறது, ஐந்து நிமிட வேலை.

நாங்கள் அதில் கொஞ்சம் சண்டை பிடித்தோம். அண்ணாவின் நியாயம் எனக்கு விளங்கியது. "தம்பி, இது வங்கியே? ஆர் வந்து கல்வெட்டைக் களவெடுக்கப்போறான்?" உண்மைதான், களவெடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் வனாக்ரை எதையும் களவெடுக்கவில்லை, இருந்த கோப்புகளைப் பூட்டியது. வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகளைப் பூட்டினால் என்ன மிஞ்சும்? அதோடு, இறக்கிவிடுகிற தரம் அந்தப் பெட்டிக்கு மட்டும் இல்லை. அந்த மடிக்கணினி போகிற எல்லா வலையமைப்பிலும் அது அப்படித்தான் பதில் சொல்லும். பெடியள் அதைக் கொண்டு பல்கலைக்கழகத்துக்கும் போவாங்கள்.

கடைசியில் அண்ணா 'ஒன்' பண்ணியதை 'ஓஃப்' பண்ணிவிட்டு, பழைய எக்ஸ்.பி. மடிக்கணினியையும் பெட்டியையும் றவுட்டரில் இருந்து கழற்றி, ஒரு வயரால் நேராகத் தொடுத்தோம். எல்லாவற்றையும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுக்க இரண்டரை நாள் போனது. மூலையில் கிடந்த கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, புது சாம்பா நிறுவி, கோப்புகளை அதற்கு மாற்றினோம். ஆளைப் பதிந்தோம். புது மடிக்கணினியில் அடித்தோம்.

பெயரோ கடவுச்சொல்லோ பிழை.

"பார், நான் அப்பவே சொன்னனான்" என்றார் அண்ணா. சாம்பாவின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு ஆள் இல்லையாம். இரண்டாவது ஏட்டில் பதிய மறந்திருந்தேன். பதிந்தபின் திறந்தது.

பெட்டியைத் தூக்கி வைக்கலாம் என்றால், ஸ்கான் பண்ணுகிற பெரிய மெசின் இருக்கிறதே, அதற்கு முதற்பதிப்பைத் தவிர வேறு பாசை தெரியாது. புதிய மென்பொருள் அதற்கு வரப்போவதும் இல்லை. இப்போதைக்கு அந்த மெசினும் கறுப்புப் பெட்டியும் றவுட்டரில் இல்லாமல் தங்களுக்குள் ஒரு வயரால் கதைத்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் ஒருத்தன் பழைய மடிக்கணினியை அந்த வயரில் தொடுத்து, ஸ்கான்களைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு புதுச் சேர்வருக்குப் போகிறான். பத்தடி தூரம். இந்த மாதம் அது என்ரை முறை.